கொடுத்தவர் கணக்கில் யார் எழுதுவது?

நாமக்கல் ஆஞ்சநேயரைப் பார்த்திருக்கிறீர்களா? 18 அடி உயரம். எதிரே மலையைக் குடைந்த கோயிலில் இருக்கும் நரசிம்மரைப் பார்த்து, கை கூப்பி நிற்கிறார். வெயில், மழை எதுவானாலும் தலைக்கு மேல் கூரை கிடையாது. ஏன் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். 'அவர் வளர்ந்துகிட்டே இருக்காருங்க. கூரை போட்டா நிக்குமா?'

நம்பிக்கை அது. நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு வேறு ஒரு விஷயம் தோன்றியது. வளர்கிற ஒருவருக்கு வானத்தைத் திறந்து விட வேண்டும் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. நம்முடைய நகரங்களுக்கு அந்த ஞானம் 1990-களுக்கு அப்புறம்தான் வந்தது.

சும்மா வரவில்லை. பில்லோடு வந்தது. அந்த பில்லை யார் கட்டினார்கள் என்பதுதான் இந்த வாரக் கதை.

திருச்செங்கோடு போகிற வழியில் ஒரு டீக்கடை. பக்கத்தில் நின்றவர் ரிக் வண்டி டிரைவர். மத்தியப் பிரதேசத்தில் நான்கு மாதம் போர் போட்டுவிட்டு அன்று காலைதான் ஊர் திரும்பியிருந்தார். நான் அடுக்குமாடிகளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சிரித்தார்.

'ஏனுங்க சார், எந்த ஊர் அடுக்குமாடிக்கும் மொத ஆளு நாங்கதானுங்க. கொத்தனார் வர்றதுக்கு முன்னாடியே நாங்க போய் ஓட்டை போடோணும். தண்ணி வந்தாத்தான் சிமெண்டே குழைக்க முடியும். அவுங்க இருபது மாடி மேல போவாங்க. நாங்க ஆயிரம் அடி கீழ போயிருப்போம். ரிப்பன் வெட்டறப்ப மட்டும் எங்கள யாரும் கூப்பிடறதில்லீங்க.'

அடடா என்று இருந்தது. காமர்ஸ் படித்தவனுக்கு உடனே ஞாபகம் வந்தது, பிளஸ் ஒன் அக்கவுண்டன்சியில் முதல் மாதம் மனப்பாடம் பண்ணிய விதி. 'பெறுபவர் கணக்கில் பற்று எழுது. கொடுப்பவர் கணக்கில் வரவு எழுது.' 1494-ல் வெனிஸ் நகரத்தில் பச்சியோலி என்ற பாதிரியார் அச்சடித்துக் கொடுத்த இரட்டைப் பதிவு முறையின் அடிநாதம் இதுதான். ஒரு பக்கம் மட்டும் எழுதினால் கணக்கு டேலி ஆகாது.

நகரங்களின் உயரத்தைப் பற்றி நாம் இதுவரை ஒரு பக்கம்தான் எழுதியிருக்கிறோம். வாருங்கள், இரண்டு பக்கமும் எழுதிப் பார்ப்போம்.

*

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக்.

ஒரு காலத்தில் மாடி வீட்டில் மேலே போகப் போக வாடகை குறைவு. எவன் படி ஏறுவான்? 1854-ல் நியூயார்க் கண்காட்சி ஒன்றில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் லிப்ட் மேடையில் ஏறி நின்றுகொண்டு, அதைத் தூக்கிப் பிடித்திருந்த கயிற்றை வெட்டச் சொன்னார். கூட்டம் 'ஐயோ' என்றது. மேடை சில அங்குலம் இறங்கி, கப்பென்று நின்றது. அவர் கண்டுபிடித்தது லிப்ட் அல்ல, லிப்ட் விழாமல் தடுக்கும் பிரேக். அந்த பிரேக் வந்த பிறகுதான் மேல் மாடிக்கு மரியாதை வந்தது. இன்றைக்கு உயரம் கூடக் கூட சதுர அடிக்கு விலையும் கூடுகிறதே, அதற்குப் பிள்ளையார் சுழி அன்றைக்குப் போட்டதுதான்.

அடுத்தது எலும்புக்கூடு. செங்கல் சுவர் தன் பாரத்தைத் தானே சுமந்தால் ஓர் அளவுக்கு மேல் உயர முடியாது. கீழ்ச் சுவர் கோட்டை மதில் மாதிரி தடித்துக்கொண்டே போகும். 1885-ல் சிகாகோவில் உலோகச் சட்டத்தின் மேல் பாரத்தை ஏற்றி 10 மாடி கட்டினார்கள். வானளாவிகளின் தாத்தா அந்தக் கட்டடம்தான்.

நம்ம ஊருக்கு வருவோம். அந்தக் காலத்து சினிமாவில் கிராமத்து ஹீரோ சென்ட்ரலில் இறங்கினால் அடுத்த ஷாட் என்ன? மவுண்ட் ரோடு எல்.ஐ.சி.! ஜனங்கள் வாயில் அது 'பதினாலு மாடி'. 1953-ல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தன்னுடைய யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தொடங்கிய கட்டடம் அது. அடுத்த வருடமே சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் போய்விட்டார். 1956-ல் ஆயுள் காப்பீடு முழுவதும் அரசுடைமை ஆனதால் கட்டடமும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 1959 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தார்.

உயரம் 177 அடி. அன்றைக்கு இந்தியாவிலேயே உயரம். 1961-ல் பம்பாயில் உஷா கிரண் எழும்பி அந்தப் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. ஒரு வேடிக்கை சொல்கிறேன். நாமக்கல் கோட்டை நிற்கிறதே ஒற்றைப் பாறை, அது 200 அடிக்கும் மேல். நம்ம ஊர்ப் பாறையின் உச்சியில் நின்றால் அன்றைய இந்தியாவின் உயரமான கட்டடத்தைக் குனிந்துதான் பார்த்திருக்க வேண்டும்!

எல்.ஐ.சி. வந்த பிறகு சென்னை வரிசையாக உயர்ந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. அதற்குக் காரணம் சட்டம். 4 மாடிக்கு மேல் போனால் 'பன்மாடிக் கட்டடம்' என்று தனி அனுமதி, தனி ஃபைல், தனி அலைச்சல். மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்று சொல்லும் எஃப்.எஸ்.ஐ. பெரும்பாலும் ஒன்றரைதான். அதாவது ஒரு கிரவுண்டு, 2,400 சதுர அடி மனையில் மொத்தம் 3,600 சதுர அடி. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

இதோடு நம்முடைய மனசும் ஒரு சட்டம். கோபுரத்தை விட உயரமாக வீடு கட்டக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். மதுரையில் அதை அரசாணையாகவே போட்டார்கள். 1997-ல் வந்த அந்த உத்தரவுப்படி மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் கூடாது.

பிறகு எப்போது மடை திறந்தது?

பணம் மலிவானபோது. 1990-களின் நடுவில் வீட்டுக் கடனுக்கு 15 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். 2004 வாக்கில் அது சுமார் 8 சதவீதத்துக்கு இறங்கியது. கூடவே வட்டிக்கு வருமான வரிச் சலுகை. 1999-ல் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தை மத்திய அரசு ரத்து செய்தது, தமிழ்நாடும் செய்தது. 2005-ல் கட்டுமானத்தில் 100 சதவீத அந்நிய முதலீட்டுக்குக் கதவு திறந்தது. அப்பா ரிட்டயர் ஆகும்போது கட்டிய வீட்டை, மகன் முப்பது வயதில் தவணையில் வாங்க ஆரம்பித்தான்.

பம்பாயில் 1982 ஸ்டிரைக்கில் படுத்த பஞ்சாலைகளின் புகைபோக்கிகள் நின்ற இடத்தில் கண்ணாடி மாளிகைகள் முளைத்தன. மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு, ஒரு பங்கு முதலாளிக்கு என்று 1991-ல் விதி போட்டார்கள். 2001-ல் அந்த விதியையே சுருக்கிவிட்டார்கள். காலியாகக் கிடக்கும் நிலத்துக்கு மட்டும்தான் இந்தப் பங்கீடு என்றார்கள். மில்லில் காலி நிலம் எவ்வளவு இருக்கும்? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் 2019-ல் புதுக் கட்டட விதிகள் வந்தன. 18.30 மீட்டர் வரை சாதாரணக் கட்டடம், அதற்கு மேல்தான் 'உயர்மாடி'. எஃப்.எஸ்.ஐ. ஒன்றரையிலிருந்து 2 ஆனது, உயர்மாடிக்கு 3.25. இது சென்னைக்கு மட்டும் இல்லை சார், மாநிலம் முழுவதற்கும். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் சேர்த்துத்தான்.

பெறுபவர் கணக்கு இவ்வளவுதான். இனி கொடுப்பவர் கணக்கு.

*

சேலம் என்ற பெயரே 'சைலம்', அதாவது மலை என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கொஞ்சம் தள்ளிச் சேர்வராயன் என்று சுற்றிலும் மலை, நடுவில் ஊர். நாமக்கல் பக்கம் வந்தால் சமவெளி. ஆனால் வெறும் சமவெளி இல்லை. திடீர் திடீரென்று ஒரு கரடு எழும்பி நிற்கும். இந்தப் பக்கத்து 'ஸ்கைலைன்' அதுதான்.

முதல் என்ட்ரி, இரும்பு. கஞ்சமலையில் இரும்புத் தாது இருக்கிறது, ஆலை வேண்டும் என்று 1967 ஜூலை 23-ல் அண்ணா 'எழுச்சி நாள்' கொண்டாடினார். 1970 செப்டம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தி ஆரம்பித்தது. கஞ்சமலைத் தாதுவில் அல்ல, வெளியிலிருந்து வந்த எஃகை எவர்சில்வர் தகடாக உருட்டும் வேலை. நீங்கள் லிப்ட்டில் ஏறி முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்கிறீர்களே, அந்த ஜாதித் தகடு.

இரண்டாவது, வெள்ளைக்கல். சேலத்துக்கு வடக்கே சுண்ணாம்புக் கரட்டில் கிடைக்கும் மேக்னசைட். இரும்பு உருகும் சூட்டில் உலையே உருகாமல் இருக்க, உள்ளே பதிக்கும் செங்கல்லுக்கு இது வேண்டும். கட்டடத்தில் இது கண்ணில் படாது. ஆனால் இது இல்லாமல் கம்பி இல்லை.

மூன்றாவது, சிமெண்ட். சங்ககிரியில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை 1960-களில் வந்தது. தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்ட கோட்டை ஒரு பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கம் ஒரு பக்கம்.

நான்காவது, சக்கரம். பாடி கட்ட நாமக்கல், ஓட்ட சங்ககிரி, துளை போடத் திருச்செங்கோடு. மழையை நம்பி விவசாயம் பண்ணித் தோற்ற குடும்பங்கள் லாரிக்கும் ரிக்குக்கும் மாறின வட்டாரம் இது. டி.என். 28, டி.என். 34, டி.என். 52 நம்பர் பிளேட்டை இந்தியாவில் எந்த நெடுஞ்சாலையிலும் பார்க்கலாம். இது நஷ்டக் கணக்கு இல்லை. இந்த மக்கள் உழைத்தார்கள், சம்பாதித்தார்கள், பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் பதினைந்தாவது மாடியில் குடியிருக்கிறார்கள். இதுவரை கணக்கு டேலி.

டேலி ஆகாத இடம் இனிமேல்தான். மணலும் கல்லும்.

காங்கிரீட்டுக்கு ஆற்று மணல்தான் வேண்டும். பாலைவன மணல் காற்றில் உருண்டு உருண்டு வழவழவென்று ஆகிவிடும், பிடிக்காது. கடல் மணலில் உப்பு, கம்பியை அரிக்கும். ஆற்று மணல் முனை முனையாக இருப்பதால் சிமெண்டைக் கவ்விக்கொள்ளும். உலகம் ஆண்டுக்குச் சுமார் 5,000 கோடி டன் மணலும் ஜல்லியும் தின்கிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2022-ல் சொன்னது. தண்ணீருக்கு அடுத்தபடி மனிதன் அதிகம் எடுக்கும் பொருள் இதுதான்.

அந்த வாயில் ஒரு கவளம், மோகனூரிலும் பரமத்தி வேலூரிலும் ஓடும் நம்ம காவிரி. ஆற்று மணல் வெறும் மணல் இல்லை, பஞ்சு. வெள்ளம் போகும்போது உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் கரையோரக் கிணறுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பஞ்சை அள்ளினால் ஆற்றின் மட்டம் இறங்கும், கூடவே கிணற்று மட்டமும் இறங்கும். வேலூர் வெற்றிலைக் கொடிக்கால்காரருக்கு இது பாடப் புத்தகம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2003-ல் மணல் குவாரிகளை அரசே எடுத்து நடத்தத் தொடங்கியது. பசி அடங்கியதா? 2017-ல் மலேசியாவிலிருந்து மணல் கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கியது. காவிரியும் பாலாறும் ஓடுகிற நாட்டுக்கு!

சரி, ஆறு பாவம் என்று எம்.சாண்டுக்கு மாறினோம். நல்லதுதான். ஆனால் எம்.சாண்ட் என்றால் என்ன? பாறையை உடைத்து, ஜல்லியாக்கி, ஜல்லியை இன்னும் நொறுக்கினால் எம்.சாண்ட். ஆற்றை விட்டோம், கரட்டைப் பிடித்தோம். அவ்வளவுதான்.

கல்லை ரொம்ப தூரம் கொண்டு போனால் லாரி வாடகை கட்டாது. அதனால் ஒவ்வொரு நகரமும் பக்கத்துக் கரட்டைத்தான் தின்னும். சென்னைக்கு செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துக் குன்றுகள். சேலமும் ஈரோடும் வளர வளர, நம்ம பக்கத்துக் கரடுகள். நகரத்தில் ஒரு கோடு மேலே போகிறது, கிராமத்தில் ஒரு கோடு கீழே இறங்குகிறது. கரடு தரைமட்டமானதோடு நிற்பதில்லை, குழியாகிறது. சென்னைக்குப் பக்கத்தில் சிக்கராயபுரம் கல்குவாரிக் குழிகளில் தேங்கிய தண்ணீரை, 2017 வறட்சியில் சுத்திகரித்து நகரத்துக்கே குடிக்கக் கொடுத்தார்கள். மலையைக் கட்டடமாக்கினோம், மலை இருந்த பள்ளத்துத் தண்ணீரை அந்தக் கட்டடத்துக் குழாயில் விட்டோம். இதைவிடச் சுருக்கமாக யாராலும் கணக்கு எழுத முடியாது.

*

கணக்கில் எழுத முடியாத ஒரு என்ட்ரியும் உண்டு. 2014 ஜூன் 28. சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் ஒரு மாலை மழையில் சரிந்தது. 61 பேர் போனார்கள். பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளிகள்தான் பெரும்பாலும். அதில் ஆந்திராக்காரர்கள் அதிகம். பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். நொய்டாவில் விதியை மீறிக் கட்டிய 32 மாடி, 29 மாடி இரட்டைக் கோபுரங்களை, உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதால் 2022 ஆகஸ்ட் 28-ல் சில நொடிகளில் தூளாக்கினார்கள். டி.வி.யில் பார்த்துக் கை தட்டினோம். அந்தத் தூளுக்குள் எந்த ஊர்க் கரடு, எந்த ஊர் ஆறு இருந்தது என்று யாராவது கேட்டோமா?

'அப்ப மாடியே கட்டக் கூடாதுங்கறீங்களா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

அப்படிச் சொல்ல மாட்டேன். பத்து வீட்டைப் பக்கம் பக்கமாகப் பரப்பினால் வயல் போகும், ரோடு நீளும், குழாய் நீளும். அடுக்கிக் கட்டினால் நிலம் மிச்சம். ஒரு மூட்டை சிமெண்டில் எத்தனை குடும்பம் குடியிருக்கிறது என்று பாருங்கள், வாங்கி வைத்துப் பூட்டிப் போட்ட ஃப்ளாட் எத்தனை என்றும் பாருங்கள். குடியிருக்கக் கட்டினால் செலவு. விலை ஏறட்டும் என்று பூட்டி வைக்கக் கட்டினால் அது கரட்டை உடைத்து லாக்கரில் வைப்பது மாதிரி.

என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். கொடுத்தவர் கணக்கில் வரவு எழுதினோமா?

எழுத ஒரு நோட்டு ஏற்கெனவே இருக்கிறது. 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, 'மாவட்ட கனிம அறக்கட்டளை' என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். குவாரிக்காரர் அரசுக்குக் கட்டும் ராயல்டியோடு, ஒரு பங்கை இதற்கும் கட்ட வேண்டும். குவாரியால் பாதிக்கப்பட்ட ஊரின் குடிநீர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சுற்றுச்சூழல் இவற்றுக்கு அந்தப் பணம் போக வேண்டும். கனிமம் உள்ள நிலத்துக்கு வரி போடும் சட்டத்தையும் தமிழ்நாடு 2024-ல் நிறைவேற்றி, 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டு வந்தது. அது அரசுக் கஜானாவுக்கு. முன்னது உங்கள் மாவட்டத்துக்கு. வித்தியாசத்தை மறக்காதீர்கள்.

சேலத்திலோ நாமக்கல்லிலோ கல்குவாரிக்குப் பக்கத்தில் குடியிருக்கிறீர்களா? அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள். 'எங்க ஊர் கல்லுக்கு அறக்கட்டளைக்கு எவ்வளவு வந்துச்சுங்க? எங்க ஊருக்கு எவ்வளவு செலவு பண்ணுனீங்க?' குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதி இருக்கிறது, டேப் பிடித்து அளந்து பாருங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 10 ரூபாய்தான்.

நகரத்தில் ஃப்ளாட் வாங்கப் போகிறீர்களா? மாடுலர் கிச்சனைப் பார்க்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களில் பெரிய பெரிய அடுக்குமாடிக்காரர்களும் உண்டு. பணி நிறைவுச் சான்றிதழ், தீயணைப்புத் துறை அனுமதி, உங்கள் பெயருக்கு வரும் பிரிபடாத நிலப் பங்கு, மூன்றையும் தாளில் பாருங்கள். வாயால் சொன்னால் போதாது.

நாமக்கல் 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. சேலத்தில் கட்டடங்கள் ஏற்கெனவே தலை தூக்கிவிட்டன. இதுவரை கொடுப்பவராகவே இருந்த சமவெளி, இனி பெறுபவரும் ஆகப் போகிறது. நம் வீட்டு மாடிக்கு நம் கரடே ஜல்லியாகும் காலம். அதனால்தான் இந்தக் கணக்கை இப்போதே எழுதிப் பழகிக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

டீக்கடையில் அந்த ரிக் டிரைவரிடம் கடைசியாகக் கேட்டேன். 'நீங்க வீடு கட்டிட்டீங்களா?'

'கட்டிட்டனுங்க. ஒரு மாடி. மேல ஏறுனா முன்னயெல்லாம் கரடு தெரியும். இப்ப தெரியறதில்லீங்க.'

'குறுக்கே பெரிய பில்டிங் வந்துடுச்சா?'

'இல்லீங்க. கரடு போயிருச்சு.'